கமிட்டி வந்த அன்று ஒளித்து வைத்த குழந்தை

சூப்பர்வைசர் மேடம், நீங்கள் எங்களிடம் பொய் சொன்னீர்கள்.

கமிட்டி வருகிறது, மையம் பளிச்சென்று இருக்க வேண்டும், பிள்ளைகள் பாட வேண்டும், சோனியாக ஒரு குழந்தைகூடக் கண்ணில் படக்கூடாது என்று போனில் சொன்னீர்கள். அந்தக் கமிட்டி எதற்கு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். சுற்றறிக்கை உங்கள் கைப்பையில் இருந்தது. எந்தக் குழந்தைக்கு உதவி அதிகம் தேவையோ அந்தக் குழந்தையைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறோம் என்று அதன் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. நீங்கள் படித்தது அதற்கு முன்பு.

இந்தத் தொடரில் இதுவரை நான் யாரையும் நேராகத் திட்டியதில்லை. போன வாரம் மையத்துக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்த கதையை எழுதினேன். சிரித்துக்கொண்டே படித்ததாகச் சந்தில் பலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை.

பவுடர் பூசிய காலை

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மரகதம். கன்னட ஊரில், ஸ்ரீராம்புரத்தில், தமிழர்கள் நிறைந்த ஒரு சந்துக்குள் இருக்கும் அங்கன்வாடியில் டீச்சர். ஒரு ஹால், பின்னால் ஒரு சமையல் அறை, வாசலில் கம்பிக் கதவு. அவ்வளவுதான் மையம். மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகள் வருவார்கள். அவர்களுடைய அம்மாக்கள் வீட்டு வேலைக்கும் ஊதுவத்தி உருட்டவும் ரோடு பெருக்கவும் போகிறவர்கள்.

அன்று காலை ஏழு மணிக்கே கதவைத் திறந்துவிட்டேன். எனக்கு உதவியாக இருக்கும் கௌரம்மா எனக்கு முன்பே வந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கௌரம்மா கன்னடக்காரி. எங்கள் சந்தில் இருபது வருஷமாக இருப்பதால் தமிழ் அவளுக்கு அவளுடைய பாணியில் வரும்.

"டீச்சர்ரே, ஃபினாயில் ஜாஸ்தி ஆயிடுச்சு. புள்ளைங்க தும்முது."

"தும்மட்டும். நாறக்கூடாது."

வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முகம் கழுவி, தலை வாரி, பவுடர் பூசினோம். ஒரே டப்பா. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசனை. வரிசையாக உட்கார வைத்ததும் மாவுக் கடையில் இருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தார்கள்.

பிறகு, எங்கள் வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத இரண்டு காரியங்களைச் செய்தேன்.

ஒன்று, பிள்ளைகளைக் கடன் வாங்குவது. போன வருஷம் என்னிடம் இருந்துவிட்டு இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட இரண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்குப் போகிற வழியில் மடக்கி உட்கார வைத்தேன். பாட்டெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் முதலில் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பின்னால் பாடிவிடுவார்கள். அதில் ஒருத்தி பிரியா. வாய் ஜாஸ்தி.

"மிஸ், எனக்கு ஏழு வயசு. கேட்டா இன்னா சொல்றது?"

"அஞ்சுன்னு சொல்லு."

"முன்னாடி பல்லு வுழுந்திருக்கே மிஸ்."

"வாயத் திறக்காமப் பாடு."

இரண்டாவது காரியம், அனுப்பாமல் இருக்கச் சொல்வது. அதை முதல் நாள் சாயந்திரமே முடித்திருந்தேன். நாலு வீட்டுக்குப் போனேன். மூக்கு ஒழுகும் இரண்டு பிள்ளைகள், பாவாடையிலேயே போய்விடும் ஒரு குழந்தை, பிறகு ரித்திகா.

ரித்திகாவின் அம்மா செல்வி. கார்ப்பரேஷனில் ரோடு பெருக்குகிறாள். கணவன் ஊருக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

"செல்வி, நாளைக்கு ரித்திகாவ அனுப்பாத."

"ஏங்க்கா?"

"கமிட்டி வருது."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சரிக்கா, பக்கத்து ஊட்ல வுட்டுப் போறேன்" என்றாள். நாலு வீட்டிலும் இப்படித்தான். ஒரு அம்மாகூட ஏன் என் பிள்ளையை மட்டும் என்று கேட்கவில்லை.

தட்டு விழுந்த நாள்

ரித்திகாவுக்கு அப்போது நாலு வயது முடிந்து கொஞ்ச நாள். மையத்துக்கு வரத் தொடங்கி ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சந்தில் பாதிப் பிள்ளைகள் வந்த புதிதில் வாய் திறக்காது. வீட்டில் தமிழ், இங்கே கன்னடப் பாட்டு. ரெண்டு மூணு மாதம் முழிக்கும். அப்புறம் ஒருநாள் திடீரென்று இரண்டு பாஷையையும் கலந்து கட்டி வம்பு வளர்க்கும். ரித்திகாவும் அப்படித்தான் என்று நினைத்தேன். செல்வி கேட்டபோதெல்லாம், "பாஷை பழகலடி, வந்துடும்" என்று நானே சமாதானம் சொன்னேன். அந்த மாதங்கள் என்னால் போனவை. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

கமிட்டி வருவதற்கு முன்பு ஒருநாள் கௌரம்மா கழுவிய தட்டுகளை மொத்தமாகக் கீழே போட்டுவிட்டாள். எல்லாம் ஸ்டீல் தட்டு. ஹாலே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட எழுந்து அழுதன. ரித்திகா சுவர் ஓரமாக உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை.

நான் அவள் பின்னால் போய் நின்று கை தட்டினேன். இல்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். இல்லை. என் நிழல் மூடிகள் மேல் விழுந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

கௌரம்மா தரையில் உட்கார்ந்தபடியே, "அய்யோ, இதுக்குக் கேக்கலையா?" என்றாள்.

அந்த மாதக் கூட்டத்தில் சூப்பர்வைசர் மேடத்திடம் சொன்னேன். அவர் என்னிடம் கன்னடத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை மேடம். நான் பார்த்ததைச் சொல்றேன்."

"அப்போ ரிஜிஸ்டர்ல எழுதாதே. நீ எழுதினா, எத்தனை மாசமா வருது, ஏன் முன்னாடியே சொல்லலேன்னு கேள்வி வரும். உனக்கும் வரும், எனக்கும் வரும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

செல்வி கூட்டிக்கொண்டு போனாள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள். அன்றைக்குக் காது டாக்டர் இல்லை, வேறு கிழமை வா என்றார்கள். அடுத்த முறை லீவ் கேட்டதற்கு அவளுடைய மேஸ்திரி கொடுக்கவில்லை. அதோடு நின்றது.

என் முதல் மெமோ

நான் ஏன் சோனிப் பிள்ளைகளை ஒளிக்கப் பழகினேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இது சாக்கு இல்லை, நடந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறு ஒரு மையம், வேறு ஒரு மேடம். திடீரென்று ஒரு அதிகாரி வந்தார். என்னிடம் அப்போது ஒரு குழந்தை இருந்தது, கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னால். அந்தக் குழந்தை வந்து சேர்ந்தே பத்து நாள்தான். வாரத்தில் எனக்குக் கிடைக்கும் முட்டையில் முதல் முட்டை அதற்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதிகாரி அதன் கையில் அளவு நாடாவைச் சுற்றினார். நாடாவில் சிவப்பு வந்தது, சத்து ரொம்பக் குறைவு என்று அர்த்தம்.

"இந்தப் புள்ளைக்குச் சோறு போடறியா, நீயே தின்னுடறியா?" என்று அம்மாக்கள் முன்னால் கேட்டார்.

நான் புது யூனிஃபார்ம் புடவையில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவை கட்டியிருந்தேன். அடுத்த வாரம் மெமோ வந்தது. மையத்தில் எடை குறைந்த குழந்தை இருப்பதற்குக் காரணம் கேட்டு.

பக்கத்து மையத்து டீச்சர் ஒருத்தி, ரொம்ப நல்லவள், அன்றைக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். "பைத்தியமா நீ? அந்த மாதிரி புள்ளைய அன்னிக்கு ஊட்டுக்கு அனுப்பிடணும்." அதிலிருந்து அனுப்பினேன். மெமோ வரவில்லை. புதிதாகச் சேர்ந்த டீச்சர்களுக்கு நானும் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருத்திக்கு இல்லை, பல பேருக்கு.

இத்தனை வருஷத்தில் எங்கள் மையத்துக்கு வந்த எந்த அதிகாரியும் ஒரு பலவீனமான குழந்தையைப் பார்த்துவிட்டு, இதற்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. யார் தப்பு என்றுதான் கேட்டார்கள்.

வாசலில் செல்வி

கமிட்டி பத்து மணிக்கு வந்தது. ஒரு அதிகாரி, இரண்டு சின்னப் பெண்கள், கூடவே நம் சூப்பர்வைசர் மேடம். அந்தப் பெண்கள் இருவர் கையிலும் டேப்லெட். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்ததும் மேடம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பிரியாவைப் பார்த்தேன். பிரியா ஆரம்பித்தாள். பிள்ளைகள் கன்னடத்தில் யானைப் பாட்டுப் பாடினார்கள், தும்பிக்கை ஆட்டினார்கள். அதிகாரி தலையை ஆட்டினார்.

அப்போதுதான் கம்பிக் கதவுக்கு வெளியே செல்வியைப் பார்த்தேன்.

கார்ப்பரேஷன் கோட்டோடு நின்றாள். இடுப்பில் ரித்திகா. பக்கத்து வீட்டம்மாவுக்கு எங்கிருந்தோ போன் வந்து அவசரமாகக் கிளம்பிவிட்டாராம். செல்விக்குக் காலைச் சாப்பாட்டு நேரம் முடிய பத்து நிமிஷம். வேறு எங்கே விடுவாள்? இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்தக் குழந்தை உள்ளே வரக்கூடாது.

கையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, போ போ என்று விரலை ஆட்டினேன். செல்வி அசையவில்லை. பிள்ளையைக் கீழே இறக்கப் பார்த்தாள். நான் கௌரம்மாவைப் பார்த்தேன். கௌரம்மா ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறவள் மாதிரி வெளியே போனாள். பக்கத்தில் இருக்கும் இடுக்கு வழியாக ரித்திகாவைத் தூக்கிக்கொண்டு சமையல் அறையின் பின்கதவால் உள்ளே வந்தாள். செல்வி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

சமையல் அறைக் கதவு சாத்தப்பட்டது. ஹாலுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகை.

டேப்லெட் வைத்திருந்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் பெண் வயதுதான் இருக்கும். கன்னடத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"பேச வராத பிள்ளை, காது கேக்காத பிள்ளை, நடக்கச் சிரமப்படற பிள்ளை யாராவது இருக்காங்களா மேடம்?"

"இல்லைம்மா."

"வளர்ச்சி கம்மியா யாராவது?"

"இல்லை."

அவள் டேப்லெட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "இருந்தா சொல்லுங்க மேடம். நல்லதுக்குத்தான் கேக்கறோம்."

உண்மையைத்தான் சொன்னாள். அது எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு என் காதில் வேறு மாதிரி விழுந்தது. இதுவரை என்னைப் பிடித்து மெமோ கொடுத்த அத்தனை பேரும் அதே மாதிரி, நல்லதுக்குத்தான் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே குக்கர் விசில் அடித்தது. அந்தப் பெண் திடுக்கிட்டாள். பிள்ளைகள் எல்லாரும் உஸ்ஸென்று விசில் மாதிரியே செய்து சிரித்தார்கள். "உள்ளே என்ன சமையல்?" என்று கேட்டபடி அவள் எழுந்தாள்.

சூப்பர்வைசர் மேடம் நடுவில் வந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கௌரம்மா போவதை அவரும் பார்த்திருக்கிறார். "பயறு வேகுது. உள்ள சூடு, புகை. நீங்க உக்காருங்க, கொண்டு வரச் சொல்றேன்" என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அழுகிற பிள்ளையாக இருந்தால் ஒளித்து வைக்க முடிந்திருக்காது. பாட்டுக் கேட்டால் பாடிவிடும் பிள்ளையாக இருந்தாலும் முடிந்திருக்காது. அவளுக்கு எந்தக் குறைக்காக உதவி வேண்டியிருந்ததோ, அதே குறையை வைத்துத்தான் நாங்கள் அவளை மறைத்தோம்.

கௌரம்மா பிறகு சொன்னாள். "குக்கர் பக்கத்துலதான் டீச்சர்ரே உக்காந்திருந்துச்சு. விசில் அடிச்சப்போ திரும்பவே இல்ல. பச்சப்பயறு எடுத்துத் தரையில கோடு போட்டுது. நான்தான் அழுதேன்."

கடைசியில் அந்தப் பெண் டேப்லெட்டை நீட்டினாள். இந்த மையத்தில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் இல்லை என்று கன்னடத்தில் இருந்தது. கண்ணாடியில் விரலால் கையெழுத்துப் போட்டேன். பேனாவாக இருந்திருந்தால் கை கொஞ்சம் தயங்கியிருக்கும் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதுவும் சாக்குதான்.

கைதட்டல்

இரண்டு மாதம் கழித்துக் கூட்டம். வட்டாரத்து டீச்சர்கள் எல்லாரும் ஒரே ஹாலில். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் மைக்கில் அறிவித்தார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், வளர்ச்சியிலும் பேச்சிலும் பின்தங்கிய பிள்ளைகள் இருக்கும் மையங்களுக்கு அரசாங்கம் தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறது. பட்டியலில் குழந்தையின் பெயர் இருந்தால் அந்த மையத்துக்குக் காலையில் கூடுதலாக ஒரு டீச்சர் வருவார். காது, கண் பரிசோதனை மையத்திலேயே நடக்கும். கருவி தேவைப்பட்டால் கருவி. பேச்சுப் பழக்க வாரத்தில் மூன்று நாள் ஒருவர். ஆறு வயது வரைக்கும்.

கமிட்டி அன்று எடுத்த கணக்கிலிருந்து போட்ட பட்டியலைப் படித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நான் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் மையம் வரவில்லை.

கடைசியில் வந்தது. குறையே இல்லாத சிறந்த மையம் என்று. என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். சூப்பர்வைசர் மேடம் எல்லோருக்கும் மேலே பலமாகத் தட்டினார்.

இறங்கி வந்ததும் அவரைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"மேடம், இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெதுவா பேசு."

"தெரியுமா தெரியாதா?"

"சுற்றறிக்கை வந்தது. படிச்சேன். நம்பல." அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எத்தனை சுற்றறிக்கை பார்த்திருக்கேன் மரகதம்? உதவின்னு வரும், கடைசியில விளக்கம் கேட்டு முடியும். எனக்கு மேல இருக்கறவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

"நம்பலன்னா அதையாவது எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நாங்க நம்பறதா வேணாமான்னு நாங்க பார்த்திருப்போமே."

"கையெழுத்து யாருது?"

"என்னுது."

"அப்போ பேசாம இரு. குழந்தையை ஒளிச்சேன்னு சொன்னா பொய்க் கையெழுத்து. வேலை போகும்."

அவருக்கும் பயம்தான். அது எனக்குப் புரிகிறது. புரிவதால் என் கோபம் குறையவில்லை.

செல்வி சிரித்தாள்

அன்று சாயந்திரமே செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் கதவு ஓரம் உட்கார்ந்து கால் நகத்துக்குள் இருந்த அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். ரித்திகா பக்கத்தில் பாட்டில் மூடிகளோடு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை.

அவள் ரித்திகாவின் மூடி ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எம்மாந் தூரத்துல இருந்துச்சுக்கா, எம் பொண்ணுக்கும் அதுக்கும்?"

"கதவு ஒண்ணுதான்."

செல்வி சிரித்துவிட்டாள். சத்தமாகச் சிரித்தாள். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"எங்க மேஸ்திரியும் இப்டித்தாங்க்கா. யாரோ பெரிய மனுசன் காரு வருதுன்னா, ரோட்ல இருக்கற எங்கள எல்லாம் குப்பை ஆட்டோவுல ஏத்தி அடுத்த தெருவுல எறக்கி வுடுவான். நாங்க இருந்தா ரோடு அசிங்கமாத் தெரியுமாம். பெருக்கனது நாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ வெரல ஆட்டுனப்போ எனக்கு அவன் ஞாபகம்தான் வந்துச்சு. ஆனா நீ டீச்சராச்சே, எதுக்கோ நல்லதுக்குத்தான் செய்யறேன்னு போயிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சும்னே குனிஞ்சினு இருக்காத. இப்ப இன்னா பண்ணலாம் சொல்லு."

எழுதிக் கொடுத்தேன்

அடுத்த வாரம் நானே லீவ் போட்டுவிட்டு ரித்திகாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் போய் மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். காதில் ஒரு கருவியை வைத்துச் சோதித்தார்கள். ரித்திகா ஒரு இடத்தில் மட்டும் கண்ணை விரித்தாள். "கொஞ்சம் கேக்குது" என்றார் டாக்டர். "மெஷின் வெச்சுப் பழக்கினா பேச வாய்ப்பு இருக்கு. ஆனா இந்த வயசுல ஒவ்வொரு மாசமும் முக்கியம்மா. ஏன் இவ்ளோ லேட்?"

மெஷின் கேட்டு ரித்திகாவின் பெயரைப் பதிவு செய்திருக்கிறோம். எப்போது கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கிடைத்தாலும் தினமும் கூட உட்கார்ந்து பழக்க ஆள் வேண்டும் என்றார் டாக்டர். இல்லையென்றால் அது காதில் தொங்கும் ஒரு சாமான். இருபத்தெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் அவளோடு மட்டும் எப்படி உட்காருவேன்? அந்த ஆளுக்குத்தான் அரசாங்கம் பணம் ஒதுக்கியது. அந்த ஆளைத்தான் நான் விரலால் அழித்தேன்.

ஆபீசுக்குப் போனேன். பட்டியலை மூடிவிட்டோம், கம்ப்யூட்டர் திறக்காது என்றார்கள். அடுத்த கணக்கெடுப்பு எப்போது என்றேன். அடுத்த வருஷம் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். அடுத்த வருஷம் ரித்திகா என் மையத்தில் இருக்கும் கடைசி வருஷம்.

அதனால் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், என் கையால். கமிட்டி வந்த அன்று ஒரு குழந்தையைச் சமையல் அறையில் ஒளித்து வைத்தேன், நான் போட்ட கையெழுத்து பொய், என் மேல் நடவடிக்கை எடுங்கள், குழந்தையின் பெயரைச் சேருங்கள் என்று. கௌரம்மா தானும் கைநாட்டு வைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "ஏன், தூக்கினு போனது நான்தானே?" என்று சண்டை போட்டு வைத்தாள்.

மூன்று மாதம் ஆகிறது. பெயர் சேரவில்லை. எனக்கு மெமோகூட வரவில்லை.

முதலில் தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பிறகுதான் புரிந்தது. என்னைத் தண்டித்தால், அன்றைக்கு எடுத்த கணக்கு பொய் என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். என் மையத்துக் கணக்கு பொய் என்றால் பக்கத்து மையம்? நான் பேசிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த டீச்சர்களிடம் ஒவ்வொருவராக, அன்று யாரை வீட்டுக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். ஒருத்தி போனை வைத்துவிட்டாள். ஒருத்தி, "நீயுமாக்கா?" என்றாள். ஒருத்தி பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் அழுதுவிட்டாள். பயந்து பயந்து வேலை செய்த மையங்களில் எல்லாம் குறையுள்ள பிள்ளையே இல்லை என்று கணக்கு சொல்கிறது.

அதிகாரி ஐயாவுக்கு

கமிட்டியை அனுப்பிய பெரிய அதிகாரி ஐயா, மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி உங்களிடம் பேசுகிறேன். நீங்கள் நல்ல காரியத்துக்குத்தான் பணம் ஒதுக்கினீர்கள். ஆனால் இத்தனை வருஷம் எங்களை மிரட்ட அனுப்பிய அதே மாதிரி ஆட்களை, அதே மாதிரி முன்கூட்டியே சொல்லி, அதே நாற்காலியில் உட்கார வைத்துக் கணக்கு எடுத்தீர்கள். நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். என் பங்குக்கு நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதக் கடைசி சனிக்கிழமை எங்கள் வார்டு கூட்டம். நீங்கள் வருவதாக நோட்டீசில் இருக்கிறது. செல்வி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ரித்திகாவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். அன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய டீச்சர்களில் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கௌரம்மாவும் வருகிறோம்.

எனக்குக் கடிதம் போட வேண்டாம். ஆபீசுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துப் பேச வேண்டாம். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, செல்வியின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை மறுபடியும் எடுப்பீர்களா, மாட்டீர்களா? மாட்டீர்கள் என்றால், ஏன்?